உரத்த ஒலியும் தெளிந்த சொல்லும்

மெர்போக், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம் விட்டு, தோட்ட மக்கள் பலர் பட்டணம் சேர்ந்துவிட்டனர். எனினும் தோட்டக் கோயில் திருவிழாவில் பஜனைப் பாட்டு இன்றும் வழக்கில் உள்ளது. பாடுவோர் இருவர் மூவர், ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா ஆகிய இவையே ஒரு சிறு குழு. பழந்தமிழ்ப் பாடலைச் சிறுவர் செவியால் அறியும் இடங்களுள் இதுவும் ஒன்று. ஆகவே, அங்கே ஒலிபெருக்கியை அமைக்கும் முறை தமிழாசிரியருக்குப் புறம்பான செய்தியன்று.

ஒலிபெருக்கி பரவுமுன், கடைசி வரிசைக்குச் சொல்லை எட்டச் செய்வது பாடுவோர் பொறுப்பாக இருந்தது. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் உயர்ந்த சுருதியில் பாடியே நாடகக் கொட்டகைகளை நிறைத்தனர். 1915இல் ஜென்சன், பிரிதாம் என்னும் இருவர் சான் பிரான்சிஸ்கோ நகர மக்கள் முன் ஒலிபெருக்கியை இயக்கிக் காட்டினர். கருவி பரவப் பரவ, அப்பொறுப்பில் பெரும்பங்கு அதனை அமைப்பவரிடம் வந்து சேர்ந்தது.

உயிரும் மெய்யும்

உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகளில் உள்ளது. சொல்லை வேறுபடுத்தும் மெய்யொலிகளின் அடையாளமோ நொடிக்கு 2,000 முதல் 4,000 வரையிலான அதிர்வுகளிலும் அவற்றை ஒட்டியும் வலிமை குன்றி நிற்கிறது. தகரக் கூரையும் சிமெந்துத் தரையும் உடைய மண்டபத்தில் தாழ்ந்த ஒலி முழங்கி மெய்யை மூடிவிடும். அப்போது ஒலியைக் கூட்டினால் முழக்கம் கூடுமேயன்றித் தெளிவு கூடாது. பாடுவோர் குரலில் 100 அதிர்வுக்குக் கீழ்ப்பட்டதைக் கலவைக் கருவியில் குறைத்துவிடுவதே தக்க வழி.

ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மேடைக்கு 34 மீட்டர் அப்பால், கோயில் வாசலில், இன்னொரு ஒலிபெருக்கியைக் கட்டினால், அதன் அருகில் நிற்பவர் ஒரே சொல்லை இருமுறை கேட்பார். இடைவெளி நொடியில் பத்தில் ஒரு பங்கு. மெய்க்கு அளவு அரை மாத்திரையே என்கிறது இலக்கணம். அத்துணைக் குறுகிய ஒலி இந்த இரட்டிப்பில் சிதையும்.

ஊளை எழுவது ஏன்?

ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் ஒலிவாங்கியில் புகுந்து, மேலும் பெருகி, சுழன்று வருவதே ஊளை. இதனை ஆராய்ந்த டென்மார்க்கு அறிஞர் லார்சன் பெயரால் இது லார்சன் விளைவு எனப்படும். ஒலிபெருக்கிகள் பாடுவோருக்கு முன்னே, அவையோர் தலைக்குச் சற்று மேலே, அவையை நோக்கி நிற்றல் வேண்டும். ஒலிவாங்கியை வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் வைத்திருந்தவர் 10க்குக் கொணர்ந்தால், எதையும் திருகாமலே குரல் 6 டெசிபெல் அளவு கூடும். பகரம் வெடிக்காதிருக்க ஒலிவாங்கியைச் சற்றே சாய்த்துப் பிடிக்கலாம். ஆனால் அதன் தலையைக் கையால் பொத்தினால் ஊளை எளிதில் எழும்.

முதலில் குரலைச் சரிசெய்து, பின்னர் ஆர்மோனியத்தை அதற்கு அடங்க அமைத்தல் முறை. சிறு மண்டபத்தில் மிருதங்கத்திற்குத் தனி ஒலிவாங்கி பெரும்பாலும் வேண்டுவதில்லை.

மின்சாரத்தில் கவனக்குறைவு உயிருக்கே கேடாகும். இரைச்சலை நீக்குவதாக எண்ணி நிலக்கம்பியை ஒருபோதும் துண்டித்தல் ஆகாது. செவியையும் காத்தல் வேண்டும். நிகழ்ச்சி அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல்லைக் கடத்தல் ஆகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. சிறுவர் அமரும் முன்வரிசைக்கு அதனினும் குறைவாக இருத்தலே நன்று.

அமைப்பு சரியா என்று அறிய ஆசிரியர் கையில் பழைய கருவி ஒன்று உண்டு, அது சொல்வதெழுதுதல். கடைசி வரிசையில் ஒரு மாணவனை அமர்த்தி, அவன் அறியாத பாடலைக் கேட்டு எழுதச் செய்க. லகர, ளகர, ழகரம் பிழையின்றி எழுதினால் அமைப்பு சரி. பிழைபட எழுதினால், மாணவனைத் திருத்துமுன் ஒலிபெருக்கியைத் திருத்துக.