கதை சொல்ல நாலு தந்தி

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே, பாக் விரிகுடாக் கரையில் இருக்கிறது திருப்பாலைக்குடி. இந்தக் கரைப் பிள்ளைகளுக்குத் தங்கூசி என்கிற நைலான் தூண்டில் இழையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இழுத்துப் பிடித்துச் சுண்டினால் ஒலிக்கும்; இன்னும் இறுக்கினால் சுருதி ஏறும். அப்படிப்பட்ட இழை நான்கைச் சின்ன மரக்கூட்டின் மேல் கட்டினால் அதுதான் யுகுலேலே. தூண்டில் முனையில் கட்டுகிற ஃப்ளூரோகார்பன் இழையையே தந்தியாகப் போட்டு வாசிப்பவர்களும் உண்டு.

1879 ஆகஸ்டில் 'ரேவன்ஸ்கிராக்' என்ற கப்பல், போர்ச்சுகலின் மதேரா தீவு மக்களை ஹவாய்க் கரும்புத் தோட்ட வேலைக்குக் கொண்டுபோய் இறக்கியது. அதில் வந்த மூன்று மரவேலைக்காரர்கள், தங்கள் ஊர் வாத்தியத்தின் சாயலில் அங்கே உருவாக்கியது இது. இன்று அமெரிக்க நூலகங்கள் பலவற்றில், குழந்தைகளுக்கான கதை நேரத்தில் நூலகர் கையில் இதைப் பார்க்கலாம்.

ஏன் இந்த வாத்தியம்? வழக்கமான சுருதியில் இதன் நான்கு தந்திகளும் நொடிக்கு ஏறத்தாழ 392, 262, 330, 440 முறை அதிரும். சின்னக் குழந்தைகள் சிரமமின்றிப் பாடுவது சுமார் 290 முதல் 440 வரை. அதாவது வாத்தியம் பிள்ளையின் தொண்டை இருக்கும் இடத்திலேயே ஒலிக்கிறது. கிட்டாரின் தடித்த தந்தியோ 82-இல் தொடங்குகிறது; அது பெரியவர் குரலுக்குப் பொருத்தம். இன்னொன்று, யுகுலேலேயின் கூடு சிறியது, ஓசையும் சிறியது. கதைசொல்லியின் சொல்லை அமுக்காது. வாய் பேசலாம், கண் பிள்ளைகளைப் பார்க்கலாம். ஒரே விரலை ஒரு தந்தியின் மூன்றாம் மெட்டில் வைத்தால் முழு சுரக்கூட்டு (கார்டு) ஒன்று கிடைத்துவிடும். இசை படிக்காத நூலகருக்கு இது பெரிய வரம்.

தாளத்தின் வேலை இதைவிட ஆழமானது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கிர்ஷ்னர், டோமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள், நான்கு வயதுக் குழந்தைகள் 96 பேரை இருவர் இருவராக விளையாட வைத்தார்கள். சில ஜோடிகளுக்குப் பாட்டோடும் தாளத்தோடும் விளையாட்டு. மற்றவர்களுக்கு அதே விளையாட்டு, இசையில்லாமல். 2010-இல் வெளியான முடிவு: சேர்ந்து பாடிய பிள்ளைகளே பிறகு ஒருவருக்கொருவர் அதிகம் உதவினார்கள்.

நம் கடற்கரைக்கு இது புதிய செய்தியே இல்லை. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பா என்ற வேலைப்பாட்டை எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கிப் பாடி, அந்த அடியில் ஒன்றாக இழுப்பார்கள். பல கைகள் ஒரே கணத்தில் இழுத்தால்தான் பாரம் நகரும். உடல்களை ஒரே நேரத்துக்குக் கட்டுகிற இந்த வித்தையைத்தான் ஆய்வுக்கூடம் குழந்தைகளிடம் அளந்து பார்த்திருக்கிறது.

வாசிப்புக்கும் இதில் பங்கு உண்டு. 'கடல், படல், முதல்' என்று சொன்னால் ஒலியில் ஒட்டாத சொல் எதுவெனக் காது பிரிக்க வேண்டும். இந்தத் திறன் பள்ளிக்கு முன்பே வாய்த்த குழந்தைகள் பின்னாளில் நன்றாக வாசித்தார்கள் என்று பிராட்லி, பிரையன்ட் இருவரும் 1983-இல் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். பாட்டு, சொல்லை எழுத்துக்கு எழுத்து நீட்டிப் பிரித்துக் கொடுக்கிறது. எதுகையும் மோனையும் நிறைந்த தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை. பாட்டு மட்டுமே வாசிப்பைக் கற்றுத் தந்துவிடாது. புத்தகமும் பக்கத்தில் திறந்திருக்க வேண்டும்.

கடலோரத்தில் யுகுலேலேயால் ஒரு நடைமுறை வசதியும் இருக்கிறது. உப்புக்காற்றில் எஃகுத் தந்தி துருப்பிடிக்கும். இதன் நைலான் தந்திக்கு அந்தப் பயமில்லை.

தமிழ்நாட்டில் 1948 முதல் பொது நூலகச் சட்டம் இருக்கிறது. சொத்து வரியோடு நூலக வரியும் நாம் செலுத்துகிறோம். அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவுகள் வாய்த்தன. கரையூர்ப் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு பங்கு சேரட்டும். ராமநாதபுரம் மாவட்டக் கிளை நூலகர்களே, வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு யுகுலேலே வாங்குங்கள். அம்பா தெரிந்த பெரியவர் ஒருவரையும் அழைத்துப் பிள்ளைகளோடு உட்கார வையுங்கள்.