ஐ7 ஸ்டிக்கரும் லயத்துக் கரண்டும்

தேயிலைப் பெட்டியின் மேல் பிஓபிஎஃப் என்று அச்சடித்திருந்தால் அது தரச் சான்று என்றே வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஊவாவில் தொழிற்சாலைச் சல்லடைப் பக்கம் நின்று பழகியவர்களுக்கு விஷயம் தெரியும். அது தூளின் பருமனைச் சொல்லும் பெயர், அவ்வளவுதான். அதே தோட்டம், அதே செடி, அதே சல்லடை. ஆனால் கச்சான் காற்று மலை தாண்டி வறண்டு வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை பறித்த கொழுந்தா, மழையில் பறித்த கொழுந்தா என்பதில்தான் கொழும்பு ஏலத்தின் விலை இருக்கிறது.

பதுளை டவுனுக்குக் கணினி வாங்கப் போகிறவர்கள் இந்தத் தேயிலை அறிவைக் கடை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிடுகிறார்கள். “அண்ணே, ஐ செவன் மெஷின். மொனிட்டரோட ஃபுல் செட்டா தர்றேன்” என்றதும் பேரம் பாதி முடிந்துவிடுகிறது. இன்டெல் சில்லுகளின் ஐ3, ஐ5, ஐ7 என்பவை சல்லடைப் பெயர்கள். எந்தப் பருவத்துச் சரக்கு என்பதை அவற்றின் பின்னால் வரும் எண்தான் சொல்லும். ஐ7-2600 என்றால் முதல் இலக்கம் 2, இரண்டாம் தலைமுறை, 2011இல் வந்தது. ஐ3-12100 என்றால் 12ஆம் தலைமுறை, 2022இல் வந்தது. இரண்டிலும் நான்கு கோர்கள்தான். ஒரு கோரை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தால் அந்தச் ‘சின்ன’ ஐ3, பழைய ஐ7ஐவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம். மின்சாரத்திலும் பழையது 95 வாட் கணக்கில் வடிவமைத்தது, புதியது 60 வாட்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. துடிப்பு வேகத்தைப் பார்த்தால் பழையது உச்சத்தில் நொடிக்கு 380 கோடி, புதியது 430 கோடி. பெரிய வித்தியாசமில்லை. பிறகு வேகம் எங்கிருந்து வந்தது? மலையில் இரண்டு பேர் கொழுந்து பறிக்கிறார்கள், இருவருக்கும் கை ஓடும் வேகம் ஒன்றே. ஆனால் ஒருவர் ஒரு பிடியில் அள்ளுவது மற்றவரைவிட இரண்டு பங்கு என்றால் மாலை நிறுவையில் யார் முந்துவார்? புதிய சில்லுகள் ஒவ்வொரு துடிப்புக்கும் செய்து முடிக்கும் வேலை அப்படிக் கூடியிருக்கிறது. அதனால் துடிப்பைச் சொல்லும் கிகாஹெர்ட்ஸ் எண்ணைக் கடைக்காரர் உரக்கச் சொன்னாலும் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

பணம் சாதாரணப் பணமல்ல என்பதால்தான் இவ்வளவு கணக்கு. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில், கணினிக்கு ஓர் இலட்சம் ஒதுக்குவதாக வைத்துக்கொண்டால் அது 74 முழுப் பேர், அதாவது 74 முழு நாட்சம்பளம். கொழுந்து குறைந்து அரைப் பேர் விழும் நாட்களைச் சேர்த்தால் இன்னும் நீளும். அத்தனை நாள் உழைப்பை ஒரு ஸ்டிக்கரை நம்பிக் கொடுக்கலாமா?

கணினி இல்லாமல் இருந்துவிடவும் முடியவில்லை. கொரோனாவில் பாடசாலைகள் மூடிக்கிடந்த 2021இல், லுணுகலைப் பக்கத்தில் காட்டுக்குள் மலையுச்சியில், சுமார் 30 அடி உயரத்து மரவீட்டில் பிள்ளைகள் முறை வைத்து ஏறிப் பாடங்களைப் பதிவிறக்கிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. அன்றைய தேவை சிக்னல். இன்று உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கும் பிள்ளை பைதனில் நிரல் எழுத வேண்டும், தரவுத்தளம் அமைக்க வேண்டும். அதைப் போனில் செய் என்பது தையல் ஊசியைக் கொடுத்துக் கவ்வாத்து வெட்டச் சொல்வது போல.

நல்ல செய்தி என்னவென்றால் இந்த வேலைகளுக்குப் பெரிய இயந்திரம் தேவையே இல்லை. பைதன், வேர்ட், எக்செல், பிரவுசரில் பத்துப் பக்கம், சூமில் வகுப்பு, இடையில் ஒரு படம்: இவ்வளவுக்கும் மேலே சொன்ன ஐ3யோ, அதற்கு ஈடான ரைசன் சில்லோ தாராளம். தனி கிராபிக்ஸ் கார்டு கேமுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் உரியது. தம்பி அடம்பிடித்தாலும் இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இன்டெல் எண்ணின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அந்தச் சில்லில் படம் காட்டும் பகுதி கிடையாது. கார்டு இல்லாமல் வாங்கினால் வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டதும் திரை கறுப்பாகவே நிற்கும்.

கணினி ஆமையாக நகர்கிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் சில்லு அல்ல, ஹார்ட் டிஸ்க். அதற்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. வேண்டிய தகவல் ஊசிக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிநொடிக்குச் சற்று மேல். ஊசிக் கை சரியான தடத்துக்கு நகர இன்னும் 9 மில்லிநொடி அளவில். ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய தகவலை நொடிக்கு 75 முறைதான் எடுக்க முடிகிறது. விண்டோஸ் திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைத் தேடுகிறது. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. நொடிக்குப் பல்லாயிரம் முறை எடுத்துத் தரும்.

ரேம் இந்த இடத்தில்தான் வருகிறது. அது பறிப்பவரின் முதுகில் தொங்கும் கூடை. கூடை சிறிதென்றால் அடிக்கடி நிறுவைக் கொட்டிலுக்கு, அதாவது டிஸ்குக்கு, நடக்க வேண்டும். நடை எவ்வளவு தூரம் என்பதைக் கேட்டால் தலை சுற்றும். ரேமிலிருந்து ஒன்றை எடுக்கும் நேரத்தை ஒரு நொடி என்று நீட்டிப் பார்த்தால், எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க ஏறத்தாழ 17 நிமிடம். ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுக்க ஒரு நாளைக்கும் மேல்! 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் இன்றைக்குக் கீழ்வரம்பு. முடிந்தால் 16உம் 500உம். எஸ்எஸ்டியில் என்விஎம்ஈ வகை கிடைத்தால் நல்லது. சாட்டா வகையாக இருந்தாலும் பாடசாலை வேலையில் வித்தியாசம் தெரியாது.

ரேம் விலைதான் இப்போது கடிக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025இன் பிற்பகுதியில் விலை தாவியது. குரூஷல் என்ற பெயரில் வீட்டுப் பாவனைக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான் அந்த வியாபாரத்தையே விடுவதாக அந்த ஆண்டு டிசெம்பரில் அறிவித்தது. ஆகவே இப்போது 8 ஜிபியோடு வாங்கி, மதர்போர்டுப் பலகையில் ரேமுக்கான ஒரு குழி காலியாக இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பிறகு அதே அளவில் இன்னொன்றைச் செருகினால், தனி கார்டு இல்லாத கணினியில் படமும் சற்றுச் சுறுசுறுப்பாக ஓடும்.

‘பிராண்டட் யூஸ்ட்’ என்ற பெயரில் வரும் பழைய அலுவலகக் கணினிகளை ஒதுக்கத் தேவையில்லை. டெல், எச்பி அலுவலக இயந்திரங்கள் உழைக்கும். ஆனால் 2025 ஒக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிடும் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் சந்தைக்கு வருவது இதனால்தான். மலிவு, உண்மைதான். அவற்றில் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாவிக்கத் தயாரென்றால் வாங்கலாம், இல்லையென்றால் எட்டுக்குக் கீழே இறங்க வேண்டாம். நான்காம் தலைமுறையும் அதற்கு முந்தியதும் டிடிஆர்3 ரேம் பாவிப்பவை. அந்த ரேமை நாளைக்குப் புதிய கணினிக்கு மாற்றவும் முடியாது.

இதுவரை சொன்னது கொழும்புக்கும் பொருந்தும். மலைக்கு என்று தனியே ஒரு கணக்கு உண்டு, அது கரண்ட்.

தோட்டத்து லய வீட்டில் கணினியைப் போட்டு வெறுங்காலோடு பெட்டியின் இரும்பைத் தொட்டால் சுரீரென்று ஓர் எறும்புக் கடி. “மெஷின்ல ஷொக் அடிக்குது” என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள், கடையில் அடிக்காது. காரணம் மெஷின் அல்ல. பவர் சப்ளையின் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கொள்ளளவிகள் இருக்கின்றன. ஒன்று உயிர்க் கம்பிக்கும் பெட்டிக்கும் இடையில், மற்றது நியூட்ரலுக்கும் பெட்டிக்கும் இடையில். எர்த் கம்பி இருந்தால் அவற்றில் கசிவது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாத வீட்டில் பெட்டி நட்டநடுவே தொங்குகிறது. 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115 வோல்ட் அதில் ஏறி நிற்கும். பாயும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் அந்த வீட்டு வயரிங்கில் எர்த் இல்லை என்பதை அது கூவிச் சொல்கிறது. எர்த் இல்லையென்றால் ‘சர்ஜ் புரொடெக்டர்’ பலகைக்கும் பாதி வேலைதான். கணினிக்கு முன்னால் தகுதியுள்ள மின்வேலைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு எர்த் போடுவதே முதற்செலவு.

மாரி மாறும் காலத்துப் பின்னேர இடிக்கு எர்த்தும் போதாது, யூபிஎஸ்ஸும் போதாது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலைக்குப் பின்னால் உறுமல் கேட்டதும் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். இணையக் கம்பி வந்தால் அதையும்.

யூபிஎஸ் எதற்கு என்றால், கரண்ட் சட்டென்று போகும்போது எழுதியதைச் சேமித்து ஒழுங்காக நிறுத்துவதற்கு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் இருட்டில் இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதையும் அணைத்தது. 650 விஏ என்று எழுதியிருப்பது 650 வாட் அல்ல, பாதிக்குச் சற்று மேல்தான் தாங்கும். உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பற்றரி சாதாரணக் கணினியையும் திரையையும் இருபது நிமிடத்துக்கு மேல் இழுப்பது கடினம். லேசர் பிரிண்டரை அதில் மாட்டவே கூடாது.

மலிவுப் பெட்டிகளில் உள்ள பவர் சப்ளையில் ‘500 வாட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். அங்கே 15 ஆம்பியர் என்றிருந்தால் பன்னிரண்டால் பெருக்க 180 வாட். உண்மைப் பலம் அதுதான். பின்பக்கம் சிவப்பாக ஒரு சின்னச் சுவிட்ச் இருந்தால் அது 230இல் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 115இல் விட்டுச் செருகினால் ‘டப்’ என்ற சத்தத்தோடு கதை முடியும்.

கரண்ட் பில்லும் கணக்கில் வரட்டும். திரையோடு சேர்த்து 65 வாட் எடுக்கும் கணினியை நாளுக்கு ஐந்து மணி நேரம் பாவித்தால் மாதம் ஏறத்தாழ 10 அலகு. கிராபிக்ஸ் கார்டு போட்டு 300 வாட் இழுக்கும் பெட்டியென்றால் 45 அலகு. மாதம் 50க்குச் சற்று மேல் ஓடும் வீட்டுக்கு 60 என்ற எல்லை முக்கியமானது. அதைத் தாண்டினால் அலகு விலையும் நிலையான கட்டணமும் வேறு படிக்கு ஏறிவிடும்.

அப்புத்தளை, நமுனுகுலை மிஸ்டும், குசினியில் எரியும் விறகுப் புகையும் கணினிக்கு ஆகாது. கரியும் ஈரமும் சேர்ந்து பலகையில் படிந்தால் மின்சாரம் கண்ட வழியில் ஓடும். கண்ணாடிக் கதவும் வர்ண விளக்கும் வைத்த கேஸைவிடக் கழுவக்கூடிய வலைச் சல்லடை வைத்த கேஸ் நல்லது. குளிர்ந்த சுவரிலிருந்து அரையடி தள்ளி வையுங்கள். மாதக் கணக்கில் மூடி வைப்பதைவிடத் தினமும் ஒரு மணி நேரம் ஓடினால் உட்சூடே ஈரத்தை விரட்டும்.

மொனிட்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். 1366×768 திரையில் சுமார் பத்தரை இலட்சம் புள்ளிகள், 1920×1080 திரையில் இருபது இலட்சத்துக்கு மேல். ஆங்கிலம் எப்படியோ படிக்கலாம். ணை, ஞீ, கூ என்று சுழியும் கொம்புமாக வரும் தமிழுக்குப் புள்ளி குறைந்தால் கண் நோகும்.

2014 ஒக்டோபர் 29ஆம் தேதி மீரியபெத்தையில் மலை சரிந்ததையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் பதுளை மாவட்டம் பட்டதையும் கண்டவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிவப்பு எச்சரிக்கை வந்த இரவில் டெஸ்க்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. பிள்ளையின் குறிப்புகளும் அடையாள அட்டைப் பிரதிகளும் ஒரு பென் டிரைவில், பிறப்புச் சான்றிதழ் வைக்கும் பையிலேயே இருக்கட்டும்.

காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன் கடையிலேயே கணினியைப் போட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். வரும் ஜன்னலில் ‘பெர்ஃபாமன்ஸ்’ பக்கத்தைத் திறந்தால் புரொசசரின் முழு எண், ரேம் அளவு, டிஸ்க் எந்த வகை எல்லாம் தெரியும். பில்லில் ‘ஐ7 பிசி – 1’ என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். அந்த முழு எண்ணையும், எஸ்எஸ்டி அளவையும், உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.