டிகிரி படிக்கும்போதே ஆராய்ச்சி செய்யலாமா? எங்கே, யாரிடம் கேட்பது?

1928-ம் ஆண்டு. ஜெர்மனியின் பிரபல இயற்பியலாளர் அர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்திருந்தார். மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் அவரைத் தேடி ஹோட்டலுக்கே போய்விட்டார். அவர் எழுதிய புத்தகத்தைப் படித்திருந்த தைரியம்தான். அந்த இயற்பியல் அதற்குள் பழசாகிவிட்டது என்று சொன்ன சோமர்ஃபெல்டு, இன்னும் வெளிவராத தன் கட்டுரையின் அச்சுப்படியைக் கொடுத்தார். அடுத்த ஆண்டே அந்த மாணவரின் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளியானது. 1983-ல் நோபல் பரிசு பெற்ற எஸ்.சந்திரசேகர்தான் அவர்.

எல்லோரும் சந்திரசேகர் ஆக முடியாதுதான். ஆனால் அவர் செய்த இரண்டு விஷயங்களை யாரும் செய்யலாம். படித்தார், போய்க் கேட்டார்.

இளங்கலையிலேயே ஆராய்ச்சியா?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1969-லேயே இதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியைத் தேர்வுசெய்யலாம். தமிழ்நாட்டு கலை, அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலும் மூன்றாண்டு பட்டப்படிப்புதான். அதனால் டைம்டேபிளில் ஆராய்ச்சி தானாக வந்து நிற்காது. நாமதான் கேட்கணும்.

முதலில் யாரிடம் கேட்பது?

உங்கள் துறையிலேயே தொடங்குங்கள். எந்தப் பேராசிரியர் பிஎச்.டி. மாணவர்களை வழிநடத்துகிறார், யாரிடம் புராஜெக்ட் இருக்கிறது என்று சீனியர்களிடம் விசாரித்தாலே தெரிந்துவிடும்.

வெளியில் உள்ள பேராசிரியருக்கு மெயில் அனுப்பினால் சுருக்கமாக எழுதுங்கள். நீங்கள் யார், அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் எது புரியவில்லை, எத்தனை வாரம் வேலை செய்ய முடியும். இவ்வளவு போதும். 'எனக்கு ஆராய்ச்சியில் அளவற்ற ஆர்வம்' என்று ஒரே மெயிலை ஐம்பது பேருக்குத் தட்டிவிட்டால், படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். பதில் வரவில்லையா? பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அப்புறம் அடுத்தவருக்கு எழுதுங்கள். பதில் வராததற்கு உங்கள் தகுதியைக் காரணமாக நினைக்காதீர்கள். பாதி நேரம் இன்பாக்ஸ்தான் காரணம்.

கோடை விடுமுறையில் என்ன வாய்ப்பு?

நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி ஃபெலோஷிப் முக்கியமானது. தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை. மாத உதவித்தொகையும் ரயில் கட்டணமும் உண்டு. ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் தேவை. விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே முடிந்துவிடும். ஏப்ரலில் தேடினால் கிடைக்காது. ஐஐடி மெட்ராஸ், பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையம் ஆகியவையும் கோடைத் திட்டங்கள் நடத்துகின்றன. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் புராஜெக்ட்களுக்கு நிதி தருகிறது.

வீட்டுச் சூழல் ஒத்துவரலைன்னா?

லீவில் வேலைக்குப் போய் ஃபீஸுக்குச் சேர்க்கும் மாணவர்களுக்கு இது நிஜமான கேள்வி. உதவித்தொகை உள்ள திட்டங்களையே முதலில் பாருங்கள். பிளஸ் டூவில் முன்னணி மதிப்பெண் பெற்று அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கான மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு ரூ.80,000. இதில் ரூ.20,000 கோடைகால ஆராய்ச்சிக்கானது. ஊரை விட்டுப் போக முடியாதவர்கள், செமஸ்டர் நாட்களில் சொந்தக் கல்லூரி ஆசிரியரிடம் வாரம் நான்கு மணி நேரம் கேட்டுப் பார்க்கலாம்.

லேப் இல்லாத படிப்புக்கு?

தமிழ், வரலாறு, இதழியல் மாணவர்களுக்கு ஆவணங்கள்தான் லேப். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களில் இருந்து உருவான ஆராய்ச்சி நூலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. பழைய இதழ்களில் ஒரே ஒரு கேள்வியோடு ஒரு வாரம் உட்கார்ந்தாலே ஒரு கட்டுரைக்கான விதை கிடைக்கும்.

உண்மையில் என்ன வேலை இருக்கும்?

முதல் மாதம் கண்ணாடிக் குடுவை கழுவுவது, எக்செலில் எண்களை ஏற்றுவது என்றுதான் போகும். சோதனை தப்பாகப் போகும். தப்பானதையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். அதுவே பாதி ஆராய்ச்சி. கட்டுரை வெளியானால் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதைத் தொடக்கத்திலேயே தயங்காமல் கேளுங்கள்.

எதில் உஷார்?

'பணம் கட்டினால் ஒரே வாரத்தில் பேப்பர் பப்ளிஷ்' என்று வரும் மெசேஜ்களை நம்பாதீர்கள். சில நல்ல இதழ்களும் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் அங்கே துறை நிபுணர்கள் படித்துக் கேள்வி கேட்பார்கள்; அதற்கு மாதக்கணக்கில் ஆகும். காசு வாங்கிக்கொண்டு சர்டிஃபிகேட் மட்டும் தரும் 'ரிசர்ச் இன்டர்ன்ஷிப்'களும் அப்படித்தான். பின்னால் ஒரு இன்டர்வியூவில் 'இதில் நீங்க என்ன செஞ்சீங்க?' என்று கேட்டால், சொல்வதற்கு எதுவும் இருக்காது.

நாளை கிளாஸ் முடிந்ததும் உங்கள் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்: "மேடம், நீங்க இப்ப எதைப் பத்தி ஆராய்ச்சி பண்றீங்க?"