மோட்டார் வண்டியின் தண்ணீர்ப் பம்பு

இயங்கும் பொருள் எதுவாயினும் வெப்பத்தைப் பிறப்பிக்கும். அவ்வெப்பம் வெளியேற வழியின்றேல் அப்பொருள் தன் வெப்பத்தினாலேயே அழியும். மக்கள் உடலில் குருதியோட்டமும் வியர்வையும் இவ்வெப்பத்தைத் தணிக்கின்றன. மோட்டார் வண்டியில் அத்தொழிலைச் செய்வன ரேடியேட்டரும் தண்ணீர்ப் பம்புமாம். கைக்குள் அடங்கத்தக்க இப்பம்பு கெட்டதை உரிய காலத்தில் அறியாமையால் இயந்திரத்தையே இழந்தார் சிலர். கெடாத பம்பைக் கெட்டதெனக் கழற்றியெறிந்து பொருளிழந்தார் வேறு சிலர். நோயையும் நோயின் முதலையும் அறிந்த பின்னரே மருந்து தேடுதல் வேண்டும் என்பது மருத்துவர்க்கு மட்டும் உரிய நெறியன்று; பட்டறைக்கும் உரியதே. இலக்கியம் பயிலும் மாணவர்க்கு இயந்திரத்தோடு என்ன உறவு என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். ஒரு பொருளின் குறிப்புக்களைக் கொண்டு அதன் உள்ளியல்பை உணர்தல் இரண்டிற்கும் பொதுவாதலின் இதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எடுத்துக்காட்டிற்கு அம்பாசிடர் வண்டியைக் கொள்வோம். இங்கிலாந்து தேயத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வழித்தோன்றலாகிய இது, வங்காளத்தில் உத்தரபாரா என்னும் ஊரில் 1957-ஆம் ஆண்டு முதல் 2014-ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டு வந்தது. அமைச்சர்களைச் சுமந்ததும், வாடகை வண்டியாக நின்று எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிட்டதும் இதுவே. இதன் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் இயந்திரம் எளிய அமைப்புடையது, உறுப்புக்கள் கண்ணுக்குத் தெரிவன, கைக்கு எட்டுவன. ஆதலின் கற்பார்க்கு ஏற்றது.

பெட்ரோல் எரிவதனால் உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குளிர்விக்கும் நீரின் வழியாகவே வெளியேற வேண்டும். சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்னும் இயற்கையை மட்டும் நம்பிய வண்டிகளும் முற்காலத்து உண்டு. 1908-இல் ஃபோர்டு கம்பெனியார் வெளியிட்ட டி மாடல் வண்டிகளுள் முதலில் வந்த ஏறத்தாழ 2,500 வண்டிகளில் பம்பு இருந்தது. அதன்பின் அதனை நீக்கிவிட்டு இவ்வியற்கை ஓட்டத்தையே கையாண்டனர். ஆயின், இயந்திரத்தின் வலிமை பெருகப் பெருக அவ்வோட்டம் போதாதாயிற்று. நீரைத் தள்ளும் பம்பு இன்றியமையாததாயிற்று.

இனி, அப்பம்பின் அமைப்பைக் காண்போம். வார்ப்பினாலாகிய ஒரு கூடு. அதன் நடுவே ஓர் அச்சு. அச்சின் ஒரு முனையில் நீருக்குள் சுழலும் இம்பெல்லர் என்னும் இதழ்ச் சக்கரம். மறுமுனையில் புல்லியும் காற்றாடியும். கிராங்கு அச்சின் சுழற்சியை ஃபேன் பெல்ட் வாங்கிப் பம்பையும் டைனமோவையும் ஒருங்கே சுழற்றுகின்றது. இம்பெல்லர் சுழலும்போது, ரேடியேட்டரின் அடியிலுள்ள குளிர்ந்த நீர் கீழ் ஓஸ் குழாய் வழியாக உள்ளே இழுக்கப்பட்டுச் சிலிண்டர்களைச் சூழ்ந்து, ஹெட்டினுள் ஏறி, தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக் கதவைக் கடந்து, மேல் ஓஸ் வழியாக மீண்டும் ரேடியேட்டரை அடைகின்றது.

அச்சைத் தாங்குவது பேரிங். அதற்கும் நீருக்கும் இடையே நின்று நீரைத் தடுப்பது சீல். இஃது ஒரு கரி வளையத்தை வில்லின் வலியால் சுழலும் முகத்தோடு இடைவிடாது அழுத்தி நிற்பது. சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே, கூட்டின் அடிப்புறத்தில், ஒரு சிறு துளை உண்டு. நம் கட்டுரைக்கு உயிர்நாடி இத்துளையே. சீல் தேய்ந்து நீர் கசியத் தொடங்கின், அந்நீர் பேரிங்கினுட் புகுந்து நெய்ப்பசையைக் கழுவாவண்ணம் இத்துளை அதனை வெளியே விடுகின்றது. எனவே, இத்துளையில் நீர் சொட்டுதல் துளையின் குற்றமன்று. உள்ளே சீல் கெட்டது என்று அஃது உரைக்கும் செய்தி. இதனை அறியாத சிலர் அத்துளையைப் பசையிட்டு அடைத்துவிட்டு, ஒழுக்கு நின்றதென மகிழ்வர். செய்தி கொணர்ந்த தூதனின் வாயைக் கட்டிய அரசனை இவர் ஒப்பர். துளையை அடைத்த பின் நீர் பேரிங்கையே நாடும். பேரிங் இறுகி அச்சு முறியின், சுழலும் காற்றாடி முன்னே பாய்ந்து ரேடியேட்டரையும் கிழித்துவிடும்.

சீல் கெடுதற்குக் காரணங்கள் பல. உப்பு மிகுந்த கிணற்று நீரையே ஆண்டாண்டாக ஊற்றி வருதல் ஒன்று. அதனாற் படியும் சுண்ணமும் துருவும் கரி வளையத்தை அரம்போல் அராவுகின்றன. பெல்ட்டை அளவிற்கு மீறி இறுக்குதல் மற்றொன்று. அது பேரிங்கைத் தேய்க்க, அச்சு ஆட, அவ்வாட்டம் சீலைக் குலைக்கின்றது. நீரின்றி இயந்திரத்தை ஓட்டுதலும், நெடுநாள் ஓட்டாது நிறுத்தி வைத்தலும் தீங்கே.

நிற்க. நீர் குறைகின்றது என்ற அளவில் பம்பே கெட்டது என்று தீர்ப்பளித்தல் முறையன்று. நீர் ஒழுகும் வாயில்கள் பல: மேலும் கீழும் உள்ள ஓஸ் குழாய்கள், அவற்றின் கிளிப்புகள், ரேடியேட்டரின் மெல்லிய குழல்கள், அதன் மூடி, ப்ளாக்கின் பக்கத்தில் அடித்துப் பொருத்திய தகட்டு மூடிகள், ஹெட் பேக்கிங் என்பன அவை. அன்றியும், காற்றாடி சிதறுகின்ற நீர் பானெட்டின் உட்புறமெங்கும் தெறித்தலால், ஈரம் உள்ள இடமே ஒழுகும் இடம் என்று கொள்ளலாகாது. குளிர்சாதனம் பொருத்திய வண்டியில் அடியிற் சொட்டும் தெளிந்த நீர் பெரும்பாலும் காற்றின் ஈரம் குளிர்ந்ததேயாம். அதுபற்றி அஞ்ச வேண்டுவதில்லை.

ஆராயும் முறை பின்வருமாறு. இரவில் வண்டியின் முன்புறத்து அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து வைக்க. காலையில் எவ்விடத்து நனைந்துள்ளது, நிறம் யாது என நோக்குக. கூலன்ட் ஊற்றிய வண்டியாயின் அதன் நிறமும், வெறுநீராயின் துருவின் நிறமும் தோன்றும். பின்னர், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே கைவிளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு பம்பின் அடித்துளையைக் காண்க. அதிலிருந்து கீழ்நோக்கி வெண்மையாகவோ செம்மையாகவோ உலர்ந்த கோடு ஒன்று இறங்கியிருப்பின், அதுவே தக்க சான்று. ஈரம் உலர்ந்துவிடும், சுவடு உலராது.

அடுத்து, காற்றாடியின் எதிரெதிர் இதழ்களை இரு கைகளாலும் பற்றி முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க. ஆட்டம் தோன்றின் பேரிங் தேய்ந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையாற் சுழற்றுக. மணல் அரைபடுவது போன்ற உணர்ச்சி தோன்றினும் முடிவு அதுவே. பட்டறையில், ரேடியேட்டரின் வாயிற் பொருத்திக் கையால் அழுத்தமேற்றும் கருவி ஒன்றுண்டு. இயந்திரத்தை ஓட்டாமலே, மூடிக்குரிய அளவிற்கு அழுத்தமேற்றி நிறுத்தினால், ஒழுகும் இடம் தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். வெளியே எவ்விடத்தும் ஒழுக்கின்றி நீர் மட்டும் குறையுமாயின், என்ஜின் எண்ணெய் பால்போல் வெளுத்துள்ளதா, புகைக்குழாயில் வெண்புகை நீங்காது வருகின்றதா எனக் காண்க. அங்ஙனமாயின் ஐயத்திற்குரியது ஹெட் பேக்கிங்கேயன்றிப் பம்பன்று.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. சூடான இயந்திரத்தின் ரேடியேட்டர் மூடியை ஒருகாலும் திறத்தலாகாது. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகையிற் கொதிக்கும். சதுர அங்குலத்திற்கு 7 ராத்தல் அழுத்தம் தாங்கும் மூடியின் கீழ் அது ஏறத்தாழ 111 பாகை வரை கொதியாதிருக்கும். மூடியைத் திருகிய அக்கணமே அழுத்தம் நீங்க, நீர் முழுதும் ஆவியும் கொதிநீருமாகப் பொங்கி முகத்திற் பாயும். மேல் ஓஸைக் கையாற் பற்றிப் பொறுக்கும் அளவிற்குக் குளிர்ந்த பின்னரே மூடியைத் தொடுக. காய்ந்த இயந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றுதலும் தகாது. திடீரெனச் சுருங்கும் வார்ப்பு வெடிக்கும்.

குற்றம் பம்பினதே எனத் துணிந்த பின் அதனை மாற்றுதல் பொறுமையுள்ளார்க்கு அரிதன்று. முதலில் பாட்டரியின் இணைப்பை நீக்குக. ரேடியேட்டரின் அடியிலும் ப்ளாக்கின் பக்கத்திலும் உள்ள குழாய்களைத் திறந்து நீரை ஒரு பாத்திரத்தில் இறக்குக. கூலன்ட் கலந்த நீராயின் அதனைத் தெருவில் விடலாகாது. அதிலுள்ள கிளைக்கால் என்னும் பொருள் நாவிற்கு இனிப்பது, உயிர்க்கு நஞ்சு, நாயும் குழந்தையும் அணுகாவண்ணம் காத்தல் வேண்டும். பின்னர், ஓஸ் குழாய்களைக் கழற்றி ரேடியேட்டரை எடுத்துவிடுக. டைனமோவின் போல்ட்டுகளைத் தளர்த்திப் பெல்ட்டை நீக்குக. காற்றாடியைக் கழற்றுமுன் அதன் எம்முகம் முன்னோக்கியிருந்தது என்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்க. முகம் மாறிப் பொருத்திய காற்றாடி காற்றைச் செவ்வனே இழாது. அதன்பின் புல்லியையும், டைனமோவையும், இறுதியாகப் பம்பைப் பிணித்துள்ள போல்ட்டுகளையும் எடுக்க. ஓர் அட்டையில் பம்பின் வடிவத்தை வரைந்து, எப்போல்ட்டு எத்துளையினின்று வந்ததோ அவ்விடத்திற் செருகி வைத்தல் நன்று. துருவேறிய போல்ட்டை வலிந்து திருகின் தலை முறியும். எண்ணெயிட்டுக் காத்திருத்தல் அறிவுடைமை.

பம்பு ஒட்டிக்கொண்டு வாராதாயின் மரச்சுத்தியால் மெல்லத் தட்டுக. இடையே ஸ்குரூ டிரைவரைச் செலுத்தி நெம்பின், வழவழப்பான முகம் கீறுண்டு புதுப் பம்பும் ஒழுகும். துளையிற் கந்தையை அடைத்துவிட்டுப் பழைய பேக்கிங்கை முற்றும் சுரண்டியெடுக்க. இவ்வேலையை விரைந்து முடிக்க எண்ணுவோரே இரண்டாம் முறையும் கழற்ற நேர்கின்றது.

புதுப் பம்பைப் பழையதன் அருகில் வைத்து, துளைகளும் அச்சின் உயரமும் இம்பெல்லரின் அளவும் ஒத்துள்ளனவா என நோக்குக. வண்டி செய்வது நின்றுவிட்டமையால் கடைகளிற் கிடைப்பன எல்லாம் ஒரு தரத்தன அல்ல. சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் தேடுவார் இவ்வொப்புமையைக் கண்ணாற் கண்டே வாங்குதல் வேண்டும். பழைய கூடு நன்றாயிருப்பின், பேரிங்கையும் சீலையும் மட்டும் புதிதாக அழுத்திப் பொருத்தித் தரும் கைதேர்ந்த தொழிலாளரும் உளர். புதிய பேக்கிங்கை இட்டு, போல்ட்டுகளை முதலில் விரலால் திருகிப் பின் எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குக. ஒருபுறம் முற்ற இறுக்கி மறுபுறம் வருதல் கூடாது. பழைய பெல்ட்டும் ஓஸ்களும் வெடித்திருப்பின் அவற்றையும் இப்பொழுதே மாற்றுதல் சிக்கனம். பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவே கட்டைவிரலால் அழுத்தின் அரை அங்குலம் தாழ்தல் வேண்டும். இதனினும் இறுகின் பேரிங்கிற்குக் கேடு. தளரின் பெல்ட்டு நழுவும்.

பின்னர் நீரையும் கூலன்ட்டையும் கலந்து மெல்ல ஊற்றுக. நம் நாட்டுச் சமவெளியில் நீர் உறையும் அச்சமில்லையே, கூலன்ட் எதற்கு என்பார் உளர். அது துருவைத் தடுக்கின்றது, கொதிநிலையையும் உயர்த்துகின்றது. மூடியைத் திறந்தே வைத்து இயந்திரத்தை மெதுவாக ஓட்டின், தெர்மோஸ்டாட் ஏறத்தாழ 80 பாகையில் திறக்கும்போது உள்ளே தங்கிய காற்றுக் குமிழிகளாக வெளிப்பட்டு நீர்மட்டம் தாழும். குறைந்ததை நிரப்பி மூடியை இடுக. மறுநாட் காலை, இயந்திரம் குளிர்ந்திருக்கையில், மீண்டும் மட்டம் பார்க்க. சிறிது தூரம் ஓட்டிய பின் அடித்துளை உலர்ந்திருப்பின் வேலை முடிந்தது.

சொட்டுத்தானே, தினமும் ஒரு குவளை நீர் ஊற்றிக்கொள்வோம் என்று நாட்களைக் கடத்துவோர் ஒன்றை அறிதல் வேண்டும். நீர் மிகக் குறைந்துவிடின், வெப்பங்காட்டியின் முனை நீரில் அமிழாது வறண்டு, முள் தாழ்ந்தே நிற்கவுங்கூடும். ஓட்டுவோன் அமைதியாயிருப்பான், உள்ளே ஹெட் வளைந்துகொண்டிருக்கும். அவ்வண்டியையே நம்பிப் பிழைப்பவனுக்கு அஃது ஒரு பம்பின் விலையோடு போகாது. பல மாதங்களின் கூலியாக முடியும்.

நம் கல்லூரியினின்று வெளிச்செல்வோரிற் பலர் என்றேனும் ஒரு வண்டிக்கு உடையவராவர். பட்டறைக்குச் சென்று, "எவ்விடத்து ஒழுகுகின்றது, காட்டுக" என்று கேட்கத் தெரிந்தவரை எவரும் எளிதில் ஏமாற்றார். அங்ஙனம் கேட்கப்பெறும் நல்ல தொழிலாளியும், தன் கலையை மதிப்பார் ஒருவர் வந்தார் என்று மகிழ்ந்து, எண்ணெய் படிந்த கையால் அச்சிறு துளையைச் சுட்டிக்காட்டுவான்.