பொத்தானைத் தட்டினால் காபி... மெஷின் வாங்கலாமா?

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். சாலையில் கிளம்பி, மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி ஆரோவில் வருகிறவர்கள் பலர் மாத்ரி மந்திரைப் பார்த்த கையோடு ஒரு கப்புச்சினோவும் குடித்துவிட்டுத்தான் ஊர் திரும்புகிறார்கள். 1968 பிப்ரவரி 28-ல் தொடங்கிய ஊர் அது. பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் காபிப் பழக்கத்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். இப்போது மார்க்ஸ் காபி என்ற பெயரில் நம் நாட்டுத் தோட்டங்களில் விளைந்த கொட்டையையே அங்கே வறுத்து விற்கிறார்கள். குடித்துப் பார்த்த ருசி நாக்கில் நிற்கிறது. அடுத்த மாதமே விசாரணை ஆரம்பம்:

"டாக்டர், கொட்டையைப் போட்டா அதுவே அரைச்சு, அதுவே காபி போட்டுத் தர்ற மெஷின் இருக்கே, வீட்டுக்கு வாங்கலாமா? உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதே?"

சித்த வைத்தியரிடம் கேட்கிற கேள்வியா இது என்று நினைக்காதீர்கள். வயிற்றெரிச்சல், தூக்கம் வரவில்லை, படபடப்பு என்று வருகிறவர்களிடம் நாடி பார்ப்பதற்கு முன்பே "ஒரு நாளைக்கு எத்தனை காபி?" என்று கேட்பது என் வழக்கம். ஆகவே காபி போடும் கருவியைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் ஐந்து, பத்து நிமிஷம் அதைக் கழுவித் துடைக்க வீட்டில் ஒருவர் மனப்பூர்வமாகத் தயார் என்றால் வாங்கலாம். "வேலைக்காரம்மா பார்த்துக்குவாங்க" என்றால் வேண்டாம். பித்தளை பில்டரே போதும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

மேலே ஒரு கிண்ணம். அதில் வறுத்த கொட்டை. பொத்தானைத் தட்டியதும் ஏழு முதல் பன்னிரண்டு கிராம் வரை கொட்டை உள்ளே விழுந்து அரைபடும். அரைத்த தூளை ஒரு சின்ன அறையில் அழுத்தி, தொண்ணூறு டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரைப் பம்பு கொண்டு அதன் வழியே தள்ளும். முப்பது விநாடிக்குள் காபி கோப்பையில். சக்கை வில்லையாகி ஒரு டப்பாவில் விழும். சொட்டுகிற தண்ணீரெல்லாம் அடியிலுள்ள தட்டில் சேரும். மெஷினைப் போடும்போதும் அணைக்கும்போதும் அது தன் குழாய்களைத் தானே அலசிக்கொள்ளும். அந்தத் தண்ணீரும் இதே தட்டுக்குத்தான் வரும்.

இதில் வருவது எஸ்பிரஸோ வகைக் காபி. நம் வீட்டு டிகாஷன் அல்ல. சிக்கரி கலந்து, இரவே ஊற்றி வைத்து, காலையில் கள்ளிச்சொட்டு மாதிரி இறங்கியதைப் பாலில் கலந்து டபராவில் ஆற்றிக் குடித்துப் பழகிய பெரியவர்களுக்கு இது பிடிக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். சில மெஷின்களில் தூள் போடத் தனி மூடி உண்டு. அதில் சிக்கரி கலந்த தூளைப் போடாதீர்கள். சிக்கரி நனைந்ததும் பிசின் போலாகி வழியை அடைக்கும். மாமனார், மாமியார் இருக்கிற வீட்டில் பழைய பில்டரைப் பரண் மேல் ஏற்றிவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்!

நம் கடற்கரையின் குணம்

ஆரோவில், பொம்மையார்பாளையம், மரக்காணம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மெஷினோடு வரும் புத்தகம் குளிர்நாட்டுச் சமையலறையை மனதில் வைத்து எழுதியது. நம் ஊர் சங்கதி வேறு.

முதலில் தண்ணீர். போர் தண்ணீரில் இரண்டு விதமான கெடுதல் உண்டு. பலரும் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது சுண்ணாம்புச் சத்து. மெஷினுக்குள் அது படிந்தால் தண்ணீர் சூடேற நேரமாகும், குழாய் அடைக்கும். அதை நீக்க மருந்து இருக்கிறது. சிட்ரிக் அமிலமோ லாக்டிக் அமிலமோ கலந்த திரவம், கம்பெனியே விற்கும். மெஷின் விளக்கு எரிந்து கேட்கும்போது தள்ளிப்போடாமல் அதை ஊற்றி ஓட்டிவிட வேண்டும். வினிகர் ஊற்றாதீர்கள்; உள்ளேயுள்ள ரப்பர் வளையங்களுக்கு ஆகாது, வாடையும் லேசில் போகாது.

இரண்டாவது, கடலோரக் கிணறுகளில் வரும் உப்புக்கரிப்பு. இது படிவாகக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எவர்சில்வரைக்கூட மெல்ல அரித்துவிடும். இதற்கு மேலே சொன்ன மருந்து பயன்படாது. "எங்க வீட்ல சாஃப்ட்னர் இருக்கு" என்று சொல்வார்கள். உப்புப் போட்டு இயங்கும் அந்த சாஃப்ட்னர் சுண்ணாம்பை எடுக்குமே தவிர, உப்புக்கரிப்பை எடுக்காது. வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர் மெஷினுக்கு வேண்டவே வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீர்தான் வழி. அதிலும் டி.டி.எஸ். அளவை ரொம்பக் கீழே இறக்கிவிட்டால் காபி சப்பென்று இருக்கும். 75-லிருந்து 150-க்குள் வைத்துத் தரச் சொல்லுங்கள். ஆர்.ஓ. சர்வீஸ் செய்ய வருகிறவரிடம் சொன்னால் ஒரு திருகைத் திருப்பி வைத்துவிடுவார்.

அடுத்து காற்று. உங்கள் சமையலறையில் கல் உப்பு ஜாடி கசிகிறதா? கசிந்தால், அதே ஈரத்தை மெஷின் தலையில் கொட்டி வைத்த காபிக்கொட்டையும் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கொட்டைக்கு ஈரம் இழுக்கும் குணம் உண்டு. மங்களூர்ப் பக்கம் பச்சைக் கொட்டையை மழைக்காலக் காற்றில் பரப்பி, வேண்டுமென்றே ஊதவைத்து, மான்சூன்ட் மலபார் என்று விற்கிறார்களே, அந்தக் குணத்தை வைத்துத்தான். வறுத்த கொட்டை ஈரம் இழுத்தால் மணம் போகும், அரைபடாமல் சிக்கும். ஆகவே கிண்ணம் நிறையக் கொட்டாதீர்கள். இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் போட்டு, மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் அலமாரியில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து வைத்து எடுத்தால் வெளியே வந்ததும் வேர்த்துப் போகும்.

கொட்டை வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். கறுகறுவென்று எண்ணெய் மினுங்கினால் வேண்டாம்; அந்தப் பிசுக்கு அரைக்கும் பல்லில் ஒட்டும். நடுத்தரமாக வறுத்த, காய்ந்த பழுப்பு நிறக் கொட்டை நல்லது. உங்கள் ஊர்க் காபித்தூள் கடையிலேயே "அரைக்காம, சிக்கரி இல்லாம" என்று கேட்டால் பீபெர்ரியோ பிளான்டேஷன் ஏ-யோ கொட்டையாகவே நிறுத்துத் தருவார்கள். நாலு பேர் ஆளுக்கு இரண்டு வேளை குடித்தால், வேளைக்குப் பத்து கிராம் வீதம் மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ ஆகும். மெஷின் விலையை மட்டும் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

கழுவுகிற கதை

இதைத்தான் கடைக்காரர் சொல்லமாட்டார். சக்கை, வெதுவெதுப்பு, ஈரம், இருட்டு. நாலும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறு என்ன வேண்டும்? வெளிநாட்டில் சக்கை டப்பாவை மெஷின் சொல்லும்போது கொட்டினால் போதும் என்பார்கள். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மூன்று நாள் விட்டாலே வில்லைகள் மேல் சாம்பல் பூத்துவிடும். 2015-ல் ஸ்பெயினில் வலென்சியா பல்கலைக்கழகத்தினர் கேப்ஸ்யூல் போடும் வகைக் காபி மெஷின்கள் பத்தின் கழிவுத் தட்டைச் சோதித்தார்கள். காபிக் கழிவிலும் செழித்து வளரும் பாக்டீரியாக்கள் அங்கே குடியிருந்தன. தட்டில் இருப்பது கோப்பைக்கு வருவதில்லைதான். ஆனால் தட்டைத் தொட்ட கை குழந்தையின் பிஸ்கட்டையும் தொடுமல்லவா?

ஆகவே தட்டையும் சக்கை டப்பாவையும் தினமும் இரவு கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். வாரம் ஒருமுறை, தூளை அழுத்தும் அந்த உள் பாகத்தை வெளியே எடுத்து, சோப்பு இல்லாமல் குழாயடியில் காட்டி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். இப்படிக் கழற்ற முடிகிற மாடலைத்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. கழற்ற முடியாமல் மாத்திரை போட்டுச் சுத்தம் செய்யும் உயர்ந்த ரக மெஷின்களும் உண்டு. இந்தக் கடற்கரையில், கண்ணால் பார்த்துக் கழுவ முடியாத எதையும் நான் நம்புவதில்லை. கடையில் "இதைக் கழற்றி மாட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள். பிறகு நீங்களே ஒருமுறை கழற்றுங்கள். கஷ்டமாக இருந்தால் வீட்டிலும் கழற்றமாட்டீர்கள்.

பாலுக்கு நீளமான ரப்பர் குழாய் வைத்த மாடலைவிட, இரண்டாகப் பிரித்துக் கழுவுகிற பால் குவளை மேல். ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும். "மத்தியானம் சேர்த்துக் கழுவிக்கலாம்" என்றால் பால் புளித்து வழியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஏடு இருந்தாலும் அடைக்கும். காய்ச்சி ஆறவைத்து, வடிகட்டி, குளிரவைத்த பாலை ஊற்றுங்கள். வருகிற காபி நம் வழக்கப்படி நாக்கைச் சுடாது. அதைக் குறையாகச் சொல்கிறவர்களுக்கு ஒரு சேதி: 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் சொன்னது. அதே அறிக்கையில், காபி என்ற பொருளால் புற்றுநோய் வரும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்றும் சொன்னது. சூடு கொஞ்சம் குறைவது நல்லதுக்குத்தான்.

கரண்ட் விஷயம் சுருக்கமாக. இவை பெரும்பாலும் 1500 வாட் அளவில் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் வேண்டும். வீட்டுச் சின்ன இன்வெர்ட்டர் தாங்காது. சோலாரில் ஓடுகிற வீடுகளில் முதலில் எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். 2011-ல் தானே, 2024-ல் ஃபெஞ்சல் என்று புயல் கரையேறுகிற பூமி இது. வோல்டேஜ் ஏறி இறங்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து தம்பி அனுப்புகிறான் என்று வாங்கிக்கொள்ளாதீர்கள்; அது 120 வோல்ட். எந்த மாடலானாலும், பழுது பார்க்க ஆள் உங்கள் ஊருக்கு வருவாரா, அல்லது நீங்கள் பெட்டி கட்டிச் சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்று பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். ஐம்பதாயிரம், அதற்கு மேலும் போட்டு வாங்கும் பொருள்.

எத்தனை கப்?

இனி என் தொழிலுக்கு வருகிறேன். நம் பழைய சித்த நூல்கள் பிறந்த காலத்தில் இங்கே காபி கிடையாது. ஆனால் சுவையை வைத்துக் குணம் சொல்லலாம். கசப்பும் துவர்ப்பும் வறுத்த சூடும் சேர்ந்தது காபி; வெறும் வயிற்றில் ஊற்றிக்கொண்டே போனால் பித்தம் ஏறும். நவீன மருத்துவர்கள் அமிலச் சுரப்பு என்று சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

பில்டர் காபியில் ஒரு வசதி இருந்தது. டிகாஷன் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இன்னொரு தடவை தண்ணீர் கொதிக்கவைத்து இறக்கச் சோம்பல்பட்டே பாதிப் பேர் நிறுத்திக்கொள்வார்கள். மெஷினில் அந்தத் தடை இல்லை. போகிற போக்கில் ஒரு தட்டு, முப்பது விநாடி. மெஷின் வாங்கிய வீடுகளிலிருந்து வருகிறவர்களைக் கேட்டால், இரண்டு வேளை எப்போது ஐந்து வேளை ஆனது என்று அவர்களுக்கே தெரிவதில்லை.

ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை பயமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015-ல் வரையறுத்தது. கர்ப்பிணிகளுக்கு அதில் பாதி, 200. ஒரு எஸ்பிரஸோவில் சுமார் 80 மில்லிகிராம். ரொபஸ்டா கலந்த கொட்டையானால் கூடும். அராபிகாவைவிட ரொபஸ்டாவில் கஃபீன் ஏறக்குறைய இரட்டிப்பு. பிறகு, குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டு இறங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக் காபியில் பாதி, ராத்திரி பதினொன்றுக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தூக்க மாத்திரைக்கும் அமுக்கராச் சூரணத்துக்கும் என்னிடம் வருவதற்கு முன்னால் அந்த ஆறு மணிக் காபியை நிறுத்திப் பாருங்கள்.

கொலஸ்ட்ரால் உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. காபிக்கொட்டையின் எண்ணெயில் கெஃபெஸ்டால் என்ற பொருள் உண்டு. கெட்ட கொழுப்பை ஏற்றக்கூடியது. பேப்பர் பில்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். உலோக சல்லடை விட்டுவிடும். 2025-ல் சுவீடனில் அலுவலகங்களில் இருந்த 14 காபி மெஷின்களைச் சோதித்தபோது, பேப்பரில் வடித்த காபியில் லிட்டருக்கு 12 மில்லிகிராம் அளவில் இருந்தது, மெஷின் காபியில் 176 அளவுக்கு இருந்தது. வீட்டு மெஷினிலும் பேப்பர் கிடையாது. எல்.டி.எல். ஏற்கெனவே கூடுதலாக உள்ளவர்கள் ஒரு கப்போடு நிற்பது உத்தமம்.

தைராய்டு மாத்திரை போடுகிற பெண்கள் கவனிக்கவும். காலையில் மாத்திரையை விழுங்கிய கையோடு பொத்தானைத் தட்டினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. முக்கால் மணி, ஒரு மணி நேரம் பொறுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் இதே கதை. கீரையும் முருங்கையும் சமைத்துப் போட்டுவிட்டு, சாப்பிட்ட வாயோடு காபி குடித்தால் இரும்பு பாதி வீணாகப் போகும்.

மெஷின் வந்த முதல் நாளே அதன் செட்டிங்கில் போய், ஒரு கப்புக்கு விழும் கொட்டையின் அளவைக் குறைத்து வையுங்கள். பெரும்பாலான மாடல்களில் அந்த வசதி இருக்கும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் மாலை நாலு மணிக்கு மேல் சுவரிலுள்ள ஸ்விட்சையே அணைத்துவிடலாம். ஒரு வாரம் வெளியூர் போவதானால் தண்ணீர்த் தொட்டி, கொட்டைக் கிண்ணம், சக்கை டப்பா மூன்றையும் காலி செய்து, மூடிகளைத் திறந்துவைத்துவிட்டுப் போங்கள்.