காணாச் செயற்கூறுகளை மாதிரியாக்கல்

காணாச் செயற்கூறுகளை மாதிரியாக்கல் என்பது, மூலநிரல் கைவசம் இல்லாத ஒரு செயற்கூறு எவ்வாறு நடந்துகொள்ளும் என்று நிலைநிரல் பகுப்பாய்வுக் கருவி ஒன்று கருதிக்கொள்ளும் முறையைக் குறிக்கும். நிலைநிரல் பகுப்பாய்வுக் கருவி நிரலை இயக்குவதில்லை. அதன் வரிகளைப் படித்து, அவை செல்லக்கூடிய பாதைகளைக் கணித்து, அவற்றில் உள்ள வழுக்களைத் தேடுகிறது. படித்துக்கொண்டே செல்லும்போது வேறொரு செயற்கூறு அழைக்கப்பட்டு, அதன் உடற்பகுதி கிடைக்கவில்லை எனில், கருவி ஏதேனும் ஓர் ஊகத்தைச் செய்தே ஆக வேண்டும். அந்த ஊகத்தின் தரமே கருவி தரும் எச்சரிக்கைகளின் தரத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

காணாமல் போவதற்கான காரணங்கள்

சி மொழி நிரல் ஒன்றில் தலைப்புக் கோப்பு வழியாகக் கிடைப்பது செயற்கூற்றின் அறிவிப்பு மட்டுமே. பெயர், அளபுருக்களின் வகை, திருப்பி அனுப்பும் மதிப்பின் வகை ஆகியவை அதில் இருக்கும். செயல்படும் விதம் இருக்காது. உடற்பகுதி வேறொரு கோப்பிலோ, இருமக் கோப்பாக மட்டும் வழங்கப்படும் நிரலகத்திலோ, இயங்குதளத்தின் உள்ளேயோ இருக்கலாம். சில செயற்கூறுகள் வேகம் கருதிப் பொறிமொழியில் எழுதப்பட்டிருக்கும். சுட்டு வழியாக அழைக்கப்படும்போது எந்தச் செயற்கூறு அழைக்கப்படுகிறது என்பதே தெரியாமலும் போகலாம். உடற்பகுதி கிடைத்தாலும், அது மிகப் பெரியதாக இருந்தால் நேரம் கருதிக் கருவி உள்ளே நுழையாமல் விடுவதும் உண்டு. அந்நிலையில் அதுவும் காணாச் செயற்கூறாகவே கருதப்படுகிறது.

எடுத்துக்காட்டு

கீழுள்ள மூன்று வரிகளை நோக்குக.

ப = மாலாக்(100);
பதிவுசெய்(ப);
திரும்பு;

மாலாக் என்பது 100 பைட்டு நினைவகத்தை ஒதுக்கித் தருவது. பதிவுசெய் என்பதன் உடற்பகுதி கிடைக்கவில்லை. இங்கே நினைவகக் கசிவு உள்ளதா? பதிவுசெய் அந்த நினைவகத்தைப் படிக்க மட்டும் செய்தால் கசிவு உண்டு. அதுவே விடுவித்துவிட்டால் கசிவு இல்லை. முகவரியை ஒரு பட்டியலில் சேமித்து வைத்துக்கொண்டாலும் கசிவு இல்லை. வேறொருவர் பின்னர் விடுவிப்பார். மூன்றும் ஒரே அறிவிப்புக்குப் பொருந்தும்.

இத்தகைய இடத்தில் கருவி இரு எல்லைகளுக்கு இடையே எங்கோ ஓரிடத்தில் நிற்க வேண்டியுள்ளது. காணாச் செயற்கூறு எதையும் செய்யக்கூடும் என்று கொண்டால், அதுவரை நிரலைப் பற்றி அறிந்தவற்றுள் பெரும்பகுதியைக் கைவிட நேரும். அது எதையும் செய்யாது என்று கொண்டால், அறிந்தவை யாவும் நிலைக்கும். ஆனால் அவற்றுள் சில பொய்யாக இருக்கும். முதல் நிலைப்பாட்டை எடுக்கும் கருவியின் நோக்கமும் முக்கியமானது. வழு இல்லை என்று நிறுவ முனையும் கருவி, அறியாததால் எச்சரிக்கும். வழுவைக் கண்டுபிடிக்க மட்டும் முனையும் கருவி, அறியாததால் வாய் மூடிக்கொள்ளும்.

கிளாங் கருவியின் அணுகுமுறை

கட்டற்ற மென்பொருளான கிளாங் நிலைப்பகுப்பாய்வி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இயல்பாக இது ஒரு நேரத்தில் ஒரு மூலக்கோப்பையும் அதில் சேர்க்கப்பட்ட தலைப்புக் கோப்புகளையும் மட்டுமே காண்கிறது. உடற்பகுதி கிடைக்கும் செயற்கூறுகளை அழைக்கும் இடத்திலேயே விரித்துப் படிக்கிறது. கிடைக்காதபோது மூன்று காரியங்களைச் செய்கிறது. திருப்பி அனுப்பப்படும் மதிப்புக்கு, எதுவாகவும் இருக்கக்கூடிய புதிய குறியீடு ஒன்றை உருவாக்குகிறது. உலகளாவிய மாறிகளின் மதிப்புகளைப் பற்றி அறிந்திருந்ததை மறக்கிறது. அளபுருக்களாகச் சென்ற சுட்டுகள் வழியாக எட்டக்கூடிய நினைவகத்தின் உள்ளடக்கத்தையும் மறக்கிறது.

இவற்றுக்கு விலக்குகள் உண்டு. இயங்குதளத்தின் தலைப்புக் கோப்பிலிருந்து வரும் சி செயற்கூறு, பயனரின் உலகளாவிய மாறிகளைத் தொடாது என்று கொள்ளப்படுகிறது. கான்ஸ்ட் என்று குறிக்கப்பட்ட சுட்டு நேரடியாகக் காட்டும் உள்ளடக்கம் மாறாது என்றும் கொள்ளப்படுகிறது. இரண்டாவது விலக்கு நிரலரின் நேர்மையை நம்பியது. சி மொழியில் கான்ஸ்ட் தகுதியை வகைமாற்றத்தால் நீக்கிவிட முடியும். லினக்சு கருவகத்தில் நினைவகத்தை விடுவிக்கும் கேஃபிரீ என்னும் செயற்கூறே கான்ஸ்ட் சுட்டைத்தான் பெறுகிறது. அறிவிப்பை மட்டும் படித்து நடத்தையை அறிய முற்படுவோர் இதனை நினைவிற்கொள்ளல் நலம்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில், பதிவுசெய் பயனரின் செயற்கூறாக இருப்பின், சுட்டு 'தப்பிவிட்டது' என்று கிளாங் கொள்கிறது. அதன்பின் கசிவைப் பற்றி அது பேசுவதில்லை. பதிவுசெய் இருந்த இடத்தில் சரத்தின் நீளத்தை அளக்கும் எஸ்டிஆர்லென் போன்ற நிரலகச் செயற்கூறு இருந்தால், அது எதையும் விடுவிக்காது என்று கருவிக்குத் தெரியும். எனவே கசிவு அறிவிக்கப்படும்.

கையால் எழுதப்படும் மாதிரிகள்

பொதுவான ஊகம் போதாத இடங்களில், செயற்கூற்றின் நடத்தையை யாரேனும் எழுதித் தர வேண்டும். இது பழைய வழக்கம். பெல் ஆய்வகத்தில் சிடீவன் ஜான்சன் 1970களில் உருவாக்கிய லின்ட் கருவியே, நிரலகச் செயற்கூறுகளின் விவரிப்பை மட்டும் கொண்ட தனிக் கோப்புகளைப் பயன்படுத்தியது. சிபிபிசெக் என்னும் கட்டற்ற கருவி எக்சுஎம்எல் வடிவக் கோப்புகளில் இவற்றை வைத்துள்ளது. எந்தச் செயற்கூறு நினைவகத்தை ஒதுக்குகிறது, எது அதனை விடுவிக்கிறது, எந்த அளபுரு வெற்றுச் சுட்டாக இருத்தலாகாது என்பன அவற்றில் குறிக்கப்பட்டிருக்கும். பயனர் தம் சொந்த நிரலகத்துக்கும் இத்தகைய கோப்பை எழுதிச் சேர்க்கலாம். ஃபிராமா-சி கருவியில், ஒரு செயற்கூறு எந்தெந்த நினைவக இடங்களை மாற்றக்கூடும் என்பதை முறைசார் மொழியில் எழுத வேண்டும். எழுதாவிடில் அறிவிப்பிலிருந்து கருவியே ஒன்றை ஊகித்துக்கொள்ளும்.

மாதிரியை எழுதுவது எளிதன்று. ஒதுக்கிய நினைவகத்தின் அளவை மாற்றும் ரீயலாக்கை எடுத்துக்கொள்வோம். அது வெற்றி பெற்றால் பழைய சுட்டைப் பயன்படுத்தலாகாது. தோற்றால் வெற்றுச் சுட்டைத் திருப்பி அனுப்பும். பழைய நினைவகம் அப்படியே இருக்கும், அதனை விடுவிக்கும் பொறுப்பும் அழைத்தவரிடமே இருக்கும். இந்த இரண்டாம் பாதையை மறந்து எழுதிய மாதிரி, நிரலர்கள் மிகுதியாகச் செய்யும் ஒரு வழுவை என்றுமே காட்டாது. அளவு சுழியமாக இருந்தால் என்ன நிகழும் என்பது செயலாக்கத்துக்குச் செயலாக்கம் வேறுபட்டு வந்தது. சி23 தரம் அதனை வரையறுக்கப்படாத நடத்தை என்று அறிவித்துவிட்டது. ஆகவே தரம் மாறும்போது மாதிரியும் மாற வேண்டும்.

தொல்லை தரும் இன்னொரு வகை, திரும்பி வராத செயற்கூறுகள். பல திட்டங்களில் பிழைச்செய்தியை அச்சிட்டு நிரலையே நிறுத்திவிடும் செயற்கூறு ஒன்று இருக்கும். 'சுட்டு வெற்றாக இருந்தால் அதனை அழை' என்று எழுதியிருப்பர். அது திரும்பி வராது என்பதை அறியாத கருவி, அடுத்த வரியில் வெற்றுச் சுட்டு பயன்படுத்தப்படுவதாக எச்சரிக்கும். ஒரே செயற்கூறு நூற்றுக்கணக்கான இடங்களில் அழைக்கப்பட்டால் பொய்யெச்சரிக்கைகளும் அவ்வாறே பெருகும். அறிவிப்பில் நோரிட்டர்ன் என்னும் ஒற்றைக் குறிப்பைச் சேர்த்தால் அவை அனைத்தும் மறையும்.

ஹார்ட்பிளீடு நிகழ்வு

மாதிரி இல்லாததன் விலையை உலகுக்குக் காட்டியது ஹார்ட்பிளீடு வழுவாகும். இது 2012 மார்ச்சில் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 பதிப்பில் இருந்து, 2014 ஏப்பிரல் 7 அன்று திருத்தப்பட்டது. இணைப்பு உயிருடன் உள்ளதா என்று அறிய ஒரு முனை சிறு செய்தியை அனுப்பும். மறுமுனை அதே செய்தியைத் திருப்பி அனுப்ப வேண்டும். செய்தியின் நீளம் செய்தியிலேயே 2 பைட்டுகளில் எழுதப்பட்டிருக்கும். அனுப்பியவர் கூறிய நீளம் உண்மைதானா என்று நிரல் சரிபார்க்கவில்லை. ஒரு பைட்டு அனுப்பிவிட்டு நீளம் 65,535 என்று கூறியவருக்கு, ஏறத்தாழ 64 கிலோபைட்டு அளவில் வழங்கியின் நினைவகம் திருப்பி அனுப்பப்பட்டது. கடவுச்சொற்களும் மறைத்திறவிகளும் அதில் இருக்கக்கூடும்.

ஓப்பன்எஸ்எஸ்எல்லின் மூலநிரலைக் கவரிட்டி உள்ளிட்ட பகுப்பாய்வுக் கருவிகள் முன்னரே ஆராய்ந்திருந்தும், இவ்வழுவை அவை காட்டவில்லை. இதற்கான காரணம் மாதிரியாக்கத்தோடு தொடர்புடையது. பிணையத்திலிருந்து வரும் நம்பத்தகாத தரவு 'கறைபட்டது' எனப்படும். கறை தொடங்கும் இடம் ரீட் போன்ற இயங்குதள அழைப்பு. சேதம் நிகழும் இடம் நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி. இரண்டுக்கும் கருவியிடம் மாதிரி உண்டு. ஆனால் இடையே உள்ள உள்ளீட்டு வெளியீட்டு அடுக்கு, செயற்கூற்றுச் சுட்டுகள் வழியாக இயங்குகிறது. அங்கே எந்தச் செயற்கூறு அழைக்கப்படுகிறது என்று கருவிக்குத் தெரியாது. கறை அவ்விடத்திலேயே தொலைந்துபோனது. மெம்காப்பியை அடைந்த நீளம் சாதாரண எண்ணாகவே தோன்றியது.

சில நாட்களுக்குள் கவரிட்டி நிறுவனர்களுள் ஒருவரான ஆண்டி சௌ புதிய உத்தி ஒன்றை விளக்கினார். பிணையத் தரவில் எண்களின் பைட்டு வரிசை கணினியின் வரிசையிலிருந்து வேறுபடலாம் என்பதால், நிரல்கள் அதனை மாற்றிக்கொள்கின்றன. உள்ளூர்த் தரவுக்கு இம்மாற்றம் அரிதாகவே தேவைப்படும். ஆகவே பைட்டு வரிசை மாற்றம் நிகழும் இடத்தில் கிடைக்கும் எண்ணைக் கறைபட்டதாகக் கொள்ளலாம். தரவு எங்கிருந்து வந்தது என்பதைத் தேடாமல், நிரலர் அதனை எவ்வாறு கையாளுகிறார் என்பதிலிருந்து அதன் பிறப்பிடத்தை ஊகிப்பது இது. கண்டிப்பான நிறுவல் அன்று. ஆயினும் ஹார்ட்பிளீடு வழுவை இது காட்டியது.

மாதிரியைத் தானே கற்றல்

நிரலரின் பழக்கத்தைச் சான்றாகக் கொள்வது அப்போது புதிதன்று. இசுடான்போர்டு பல்கலைக்கழகத்தின் டாசன் எங்லரும் அவர் மாணவர்களும் 2001 ஆம் ஆண்டிலேயே இதனைச் செய்து காட்டினர். ஒரு செயற்கூறு அழைக்கப்படும் பெரும்பாலான இடங்களில் அதன்பின் இன்னொன்று தவறாமல் அழைக்கப்பட்டால், இரண்டும் பூட்டும் திறப்பும் போன்ற இணை என்று ஊகிக்கலாம். சில இடங்களில் மட்டும் இரண்டாவது விடுபட்டிருந்தால் அவ்விடங்கள் ஐயத்துக்குரியவை. செயற்கூற்றின் உடலை ஒருமுறைகூடப் பார்க்க வேண்டியதில்லை.

ஃபேசுபுக் நிறுவனம் 2015இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்ட இன்ஃபர் வேறு வழியில் செல்கிறது. கல்கானோ, டிசுடெஃபானோ, ஓகேர்ன், யாங் ஆகியோர் 2009இல் வெளியிட்ட முறையின்படி, மூலநிரல் உள்ள ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் முன்நிபந்தனையும் பின்விளைவும் அடங்கிய சுருக்கம் ஒன்றை அது தானே உருவாக்குகிறது. அழைப்போரை ஆராயும்போது உடற்பகுதியை மீண்டும் படிக்காமல் சுருக்கத்தையே பயன்படுத்துகிறது. மூலநிரலே இல்லாத நிரலகங்களுக்கு இன்ஃபரிலும் கையால் எழுதிய மாதிரிகளே உள்ளன.

தம் நிரலில் எவை காணாச் செயற்கூறுகள் என்று அறிய விரும்புவோர், சிபிபிசெக் கருவியை 'செக் லைப்ரரி' என்னும் தேர்வோடு இயக்கலாம். எந்தச் செயற்கூற்றுக்கு விவரிப்பு இல்லை என்பதை அது தெரிவிக்கும். அப்பட்டியல் முதன்முறை பார்ப்போர் எதிர்பார்ப்பதைவிடப் பெரும்பாலும் நீளமாக இருக்கும்.