இங்கிலாந்தில் பராமரிப்பாளருக்கான உள்ளாட்சி உதவி

இங்கிலாந்தில் பராமரிப்பாளருக்கான உள்ளாட்சி உதவி என்பது, நோய், முதுமை, உடற்குறை, மனநலக் குறை ஆகியவற்றால் பிறர் துணை தேவைப்படும் ஒருவரை ஊதியமின்றிக் கவனித்து வரும் உறவினருக்கோ நண்பருக்கோ உள்ளாட்சி மன்றங்கள் வழங்கும் சேவைகளைக் குறிக்கும். ஊதியம் பெறும் செவிலியரும் பராமரிப்புப் பணியாளரும் இதில் அடங்கார். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் சேர்த்துச் சுமார் 50 இலட்சம் பேர் இவ்வாறு பிறரைப் பராமரித்து வந்தனர். வேல்சு, இசுக்காட்லாந்து ஆகியவற்றுக்குத் தனிச் சட்டங்கள் உள்ளன.

வரலாறு

நெடுங்காலம் வரை பராமரிப்பு என்பது குடும்பத்தின், குறிப்பாகப் பெண்களின், கடமையாக மட்டுமே கருதப்பட்டது. பெற்றோரைக் கவனிப்பதற்காகத் தம் திருச்சபைப் பணியைக் கைவிட்ட மேரி வெப்சுட்டர், 1963 இல் தம்மைப் போன்ற மணமாகாத பெண்களின் நிலை குறித்துச் செய்தித்தாள்களுக்குக் கடிதம் எழுதினார். அதற்குக் கிடைத்த வரவேற்பின் விளைவாக 1965 இல் இத்தகைய பெண்களுக்கென ஓர் அமைப்பு உருவானது. பராமரிப்பாளர் இயக்கத்தின் தொடக்கம் இதுவே எனலாம்.

சட்டம் படிப்படியாகவே மாறியது:

- 1995: பராமரிப்பாளர் தம் நிலையையும் மதிப்பிடுமாறு மன்றத்தைக் கேட்கலாம். எனினும், பராமரிக்கப்படுபவரை மதிப்பிடும்போதே இது நடைபெறும்.
- 2000: பராமரிக்கப்படுபவர் மதிப்பீட்டை மறுத்தாலும் பராமரிப்பாளர் தனியே மதிப்பீடு பெறலாம்.
- 2004: இவ்வுரிமையைப் பராமரிப்பாளருக்குத் தெரிவிப்பதும், மதிப்பீட்டில் அவரது வேலை, கல்வி, ஓய்வு ஆகியவற்றைக் கருதுவதும் மன்றத்தின் கடமையாயின.
- 2014: பராமரிப்புச் சட்டம் முந்தைய விதிகளை ஒருங்கிணைத்தது. இது 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

பராமரிப்பாளர் மதிப்பீடு

முந்தைய சட்டங்களின்படி, கணிசமான நேரத்தைத் தொடர்ந்து பராமரிப்பில் செலவிடுபவரே மதிப்பீடு கேட்க முடிந்தது. 2014 ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நிபந்தனையை நீக்கியது. ஒருவருக்கு உதவி தேவைப்படலாம் என மன்றத்துக்குத் தோன்றினாலே, அவர் கேட்காவிட்டாலும், மதிப்பீட்டை வழங்க வேண்டும்.

உதவி பெறும் தகுதிக்கு மூன்று கூறுகள் கருதப்படுகின்றன. முதலாவது, தேவையான பராமரிப்பை அளிப்பதனால் அச்சிக்கல் எழுந்திருக்க வேண்டும். இரண்டாவது, அதனால் பராமரிப்பாளரின் உடல்நலமோ மனநலமோ கெடும் நிலை இருக்க வேண்டும். அல்லது பிள்ளைகளைக் கவனித்தல், வேலைக்குச் செல்லல், உறவுகளைப் பேணல் போன்றவை இயலாதிருக்க வேண்டும். மூன்றாவது, அவரது நல்வாழ்வில் இது குறிப்பிடத்தக்க பாதிப்பை ஏற்படுத்த வேண்டும். மூன்றும் பொருந்தினால் உதவுவது மன்றத்தின் கடமையாகும். உதவி சேவையாகவோ, பராமரிப்பாளரே செலவிடும் பணமாகவோ அமையலாம்.

பராமரிப்பாளர் சில நாள் ஓய்வெடுக்கும்போது அவருக்கு மாற்றாக வேறொருவர் வந்து கவனிக்கும் ஏற்பாடும் உண்டு. சட்டப்படி இது பராமரிக்கப்படுபவருக்கு அளிக்கப்படும் சேவையாகும். ஆகவே அவர் இசைந்தால் மட்டுமே பராமரிப்பாளருக்கு ஓய்வு கிட்டும்.

வாரம் குறைந்தது 35 மணிநேரம் பராமரிப்போருக்கான உதவித்தொகை நடுவண் அரசினால் வழங்கப்படுவதாகும். இதனை உள்ளாட்சி உதவியுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அணுகல் வசதிகள்

தடைகள் நிறைந்த வீடும் தெருவும் பராமரிப்பாளரின் சுமையைக் கூட்டுகின்றன. மாடிப்படி ஏற இயலாத ஒருவரை நாள்தோறும் தூக்கிச் செல்பவருக்கு, ஒரு படிமின்தூக்கியே பெரிய உதவியாகும். எனவே பின்வரும் வசதிகளும் பராமரிப்பாளருக்குப் பயன்படுகின்றன.

- வீட்டு மாற்ற மானியம்: சாய்தளம், அகன்ற கதவு, படியில்லாக் குளியலிடம் போன்றவற்றை அமைக்க இங்கிலாந்தில் 30,000 பவுண்டு வரை வழங்கப்படுகிறது. விண்ணப்பத்தின் மீது ஆறு மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். மாற்றுத்திறனாளி ஒருவர் தம் வீட்டிலுள்ள வேறொருவரைப் பராமரிப்பதற்கு வேண்டிய மாற்றங்களுக்கும் இது கிடைக்கும்.
- நீல அட்டை: மாற்றுத்திறனாளிகள் செல்லுமிடத்துக்கு அருகிலேயே வாகனத்தை நிறுத்த உதவுவது. இது வாகனத்துக்கன்றி ஆளுக்கே உரியது. எனவே அட்டைக்குரியவர் பயணம் செய்யும்போது பராமரிப்பாளர் வாகனம் ஓட்டலாம். அவரில்லாத பயணத்தில் பயன்படுத்துவது குற்றம். 1971 இல் செம்மஞ்சள் அட்டையாகத் தொடங்கிய இத்திட்டம், 2019 இல் இங்கிலாந்தில் வெளித்தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது.
- பொதுக் கழிப்பிடங்கள்: மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பிடங்கள் பலவற்றை நாடெங்கும் ஒரே சாவியால் திறக்கும் திட்டம் 1981 இல் தொடங்கியது. பெரியவரைப் படுக்கவைத்து உடை மாற்றும் மேசையும் தூக்கு கருவியும் கொண்ட கழிப்பிடங்கள், 2021 முதல் குறிப்பிட்ட சில வகைப் பெரிய புதிய கட்டடங்களில் கட்டாயமாக்கப்பட்டன. இவை இல்லாத இடங்களில் கழிப்பிடத் தரையிலேயே படுக்கவைத்து உடை மாற்றும் நிலை ஏற்படுகிறது.

நடைமுறைச் சிக்கல்கள்

மதிப்பீடு பெறும் உரிமையும் உதவி பெறும் உரிமையும் ஒன்றல்ல. மதிப்பீட்டுக்குப் பின் தகவலும் ஆலோசனையும் மட்டுமே பெறுவோர் உளர். 2010 க்குப் பின் நடுவண் அரசின் நிதி குறைந்ததால் மன்றங்களின் சமூகப் பராமரிப்புச் சேவைகள் நெருக்கடிக்கு உள்ளாயின.

இரண்டடுக்கு உள்ளாட்சி உள்ள பகுதிகளில் சமூகப் பராமரிப்பு கவுண்டி மன்றத்திடமும், வீட்டு மானியம் மாவட்ட மன்றத்திடமும் இருப்பதால் ஒரே குடும்பம் இரு அலுவலகங்களை அணுக வேண்டியுள்ளது.

தாயைக் கவனிக்கும் மகள் தம்மை மகளாகவே எண்ணுகிறார். பராமரிப்பாளர் என்ற சொல் தமக்கும் பொருந்தும் என அவர் நினைப்பதில்லை. இதனால் உரிமை இருந்தும் பலர் மதிப்பீட்டுக்கு வருவதில்லை. இத்தகையோரை இனங்காண மன்றங்கள் மருத்துவர்களையும் பள்ளிகளையும் தொண்டு நிறுவனங்களையும் நாடுகின்றன.